டோக்கன் அக்காவின் ஆமை லேப்டாப்

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதால் அவருக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீங்கிய கன்னத்தோடு வந்து கத்துகிறவர்களை ஒரே பார்வையில் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். வீட்டில் அந்தப் பார்வை செல்லுபடியாகாது. அங்கே அவர் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் பழைய லேப்டாப்தான். அதுவும் சாவகாசமாகத்தான் கேட்கும்.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பட்டப்படிப்பை நாற்பத்து நாலு வயதில் அஞ்சல் வழியில் முடிக்கப் பார்த்தார் அக்கா. கடைசிப் பரீட்சை, லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். இந்தத் தடவை கோட்டைவிட்டால் பதிவு காலாவதி, மறுபடி முதலிலிருந்து.

லேப்டாப்போ, மலிவாகக் கிடைக்கிறதே என்று கணவர் யாரிடமோ வாங்கி வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் துணி காயப்போட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மாமனார் அதில் சதுரங்கம் ஏற்றியிருந்தார், மகள் பாட்டு ஏற்றியிருந்தாள். ஆசை தீர்ந்ததும் இருவரும் கைகழுவிவிட்டார்கள். கணவர் தன் பங்குக்கு லேப்டாப்பை வேகமாக்கும் புரோகிராம் என்று இரண்டைப் போட்டிருந்தார். அவை ஒன்றையொன்று சந்தேகப்பட்டே பொழுதைக் கழித்தன.

மாதிரித் தேர்வில் கேள்வி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துபோன அன்று அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. போனில் ஒரு வீடியோவைப் பார்த்தார். லேப்டாப் விழிக்கும்போது கூடவே எவையெல்லாம் எழுந்து வருகின்றன என்று ஒரு பட்டியல் உண்டாம். தேடித் திறந்தால், மொத்தக் குடும்பமும் அங்கே வரிசை கட்டி நின்றது. ஒவ்வொன்றாக அணைத்தார். லேப்டாப்பை நிறுத்தி, காற்றுத் துளையில் அடைந்திருந்த தூசியை பெயின்ட் பிரஷால் தட்டினார். மறுபடி போட்டபோது நாற்காலியை இழுப்பதற்குள் திரை வந்துவிட்டது.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "வந்து பாருங்களேன், பறக்குது!" என்று கூவிவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து லேப்டாப் அவர் கைக்கு வரவில்லை.

"ஒரே ஒரு ஆட்டம்மா. ராஜாவை மடக்கிட்டேன், விட்டா ஓடிடுவான்," என்றார் மாமனார்.

"அஞ்சே நிமிஷம்மா," என்றாள் மகள். அவளுடைய ஐந்து நிமிடம் இருட்டும்வரை நீளும்.

"பரீட்சைக்குத்தான் இன்னும் நாள் இருக்கே," என்றார் கணவர், லேப்டாப்பில் ஓடிய படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டால் படிக்க வேண்டிய நேரமும் சண்டையிலேயே போய்விடும். மறுநாள் காலை எல்லோரும் கிளம்புகிற அவசரத்தில் இருந்தபோது அந்தப் பட்டியலைத் திறந்தார். தூங்கவைத்த அத்தனையையும் மறுபடி எழுப்பிவிட்டார்.

மாலையில் வட்டம் பழையபடி சுற்றியது. மாமனார் காத்திருந்தே குறட்டைவிட ஆரம்பித்தார். மகள் "ச்சே" என்று போனுக்குத் திரும்பினாள்.

"எனக்கு அப்பவே தெரியும், இதெல்லாம் ரெண்டு நாள் கூத்து," என்று தீர்ப்பு சொல்லிவிட்டு எழுந்தார் கணவர்.

அவர்கள் நகர்ந்ததும் அக்கா எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது மறக்காமல் எழுப்பிவிட்டார். பரீட்சை வரைக்கும் இதே வேலைதான். நன்றாக எழுதினார், முதல் வகுப்பில் தேறினார்.

கணவருக்கு மனசு கேட்கவில்லை. "அந்த ஓட்டையைக் கட்டி மாரடிச்சே பாஸ் பண்ணிட்டியே! உனக்கு நல்ல வேகமா, புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்."

அக்காவுக்குப் பக்கென்றது. மேற்படிப்புக்கு அப்போதுதான் பதிவு செய்திருந்தார்.

"ஐயோ, வேண்டாங்க! புதுசை நீங்க வச்சுக்குங்க. எனக்கு இதுவே போதும்."

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மனைவியின் தியாகத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த வீட்டில் தனக்கே தனக்கென்று அவருக்கு வாய்த்த முதல் பொருள் அதுதான்.