திங்கட்கிழமைக் கூடை

நல்லம்பள்ளிக்கு மேற்கே, மழையை நம்பிக் கேழ்வரகும் கொள்ளும் விதைத்துப் பிழைத்த ஒரு சிற்றூரில் மாதப்பனின் மனைவியாக வாழ்ந்தவள் குள்ளம்மாள். 1938ஆம் வருடம் பங்குனியில் அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. மூத்தவள் சின்னக்கண்ணு அப்போது ஓடியாடும் வயது. இளையவன் மாதேஸ்வரன் பால்குடி மறக்காத பிள்ளை. குள்ளம்மாள் பிழைக்க மாட்டாள் என்று முடிவுசெய்து, அவள் அண்ணனுக்கு மொரப்பூர்ப் பக்கம் ஆள் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்து, கன்னம் ஒட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

காய்ச்சல் எதை எடுத்துக்கொண்டு போனது என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை. பழைய சங்கதிகள் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. எந்தக் கொல்லையில் எந்த வருடம் என்ன விதைத்தார்கள், கல்யாணத்தன்று யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வாள். காலையில் சொன்ன பேச்சு மட்டும் சாயங்காலம் அவளிடம் இருக்காது. ஞாபகப்படுத்தினால் மிரண்டு பார்ப்பாள்.

“எங்கிட்டயா சொன்னீங்க? எப்பங்க?”

மாடு தண்ணீரில்லாமல் கட்டுத்தறியில் கத்தும். குத்தப்போட்ட கேழ்வரகை ஆடு தின்றுவிட்டுப் போகும். அடுத்த வீட்டில் இருந்த நஞ்சம்மாள், மாதப்பனின் அக்கா, புருஷன் செத்தபின் வேறு கல்யாணம் கட்டாமல் பிறந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டவள். “காச்சல் சாக்குல வேலைக்கு டிமிக்கி குடுக்கறாடா உம்பொண்டாட்டி” என்று முதலில் அவள் சொன்னாள். மாதப்பனும் அப்படித்தான் நினைத்தான்.

ஆவணியில் களையெடுப்பின்போது ஒரு நாள் குள்ளம்மாள் புல்லுக்கட்டோடு வீடு திரும்பி, அடுப்பு மூட்டி, களி கிண்டி வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் மாதப்பன் வந்து, “பையன் எங்க?” என்றான்.

“உள்ள தூங்கறான்” என்றாள் அவள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

உள்ளே யாரும் இல்லை. மாதப்பன் கொல்லைக்கு ஓடினான். புங்கமரத்தில் கட்டியிருந்த தூளியிலிருந்து குழந்தை கீழே விழுந்து கிடந்தது. அழுது அழுது குரலே போய்விட்டிருந்தது. கண்ணைச் சுற்றிலும் எறும்பு. தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டபோது குள்ளம்மாள் அதைப் பார்த்துவிட்டு மண்ணில் தலையை மோதினாள். மறுநாள் காலையில், வீங்கிய முகத்தோடு கிடந்த பிள்ளையைக் காட்டி, “இவனுக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டாள். நடிப்பில்லை என்பது அன்றைக்குத்தான் நஞ்சம்மாளுக்கு விளங்கியது. விளங்கியதும் அவள் மனம் இன்னும் கெட்டிப்பட்டது.

“இவள வெச்சிருந்தா ரெண்டு புள்ளைங்களயும் வாரிக் குடுத்துருவ. அண்ணன் வூட்டுக்கு அனுப்பிட்டு வேற ஒருத்தியப் பாரு.”

அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். தங்கையைப் பார்த்தான், மாதப்பனைத் தனியே கூப்பிட்டுப் போய்ப் பேசினான். “எங்க வூட்ல ஆறு பேரு கேவுருக் கூழுக்கே அல்லாடறம் மாப்ள. இவள எங்க வெச்சிக்கறது?” என்று சொல்லிவிட்டு, மாட்டை அவிழ்க்காமலே திரும்பிப் போனான். குள்ளம்மாள் புருஷன் வீட்டில் தங்கியது இப்படித்தான். அவளை வைத்துக்கொள்ள இன்னொரு இடம் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் கிடையாது.

கூடை வந்தது அதற்குப் பிறகு. நஞ்சம்மாள் ஆமணக்கு இடிக்கக் கூப்பிட்டிருந்த ஒரு நாள், மடியில் எப்படியோ தங்கிவிட்ட ஒரு ஆமணக்குக் கொட்டையைக் குள்ளம்மாள் கையில் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். ‘அண்ணி எண்ணெய்க்குக் கூப்பிட்டாங்களே’ என்று தோன்றியது. காய்ச்சலுக்குப் பின் தானாக அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து யார் என்ன வேலை சொன்னாலும் ஒரு பொருளை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். மாட்டுக்குக் கயிறு வாங்க வேண்டுமென்றால் ஒரு துண்டு நார். குயவரிடம் சட்டி சொல்லவேண்டுமென்றால் ஒரு ஓடு. மகளுக்குத் தலைக்கு ஊற்றச் சீயக்காய். சாயங்காலம் மடியை அவிழ்த்துச் சுவரில் தொங்கிய மூங்கில் கூடையில் போடுவாள். மகனுக்காக, அவனுடைய பழைய அரைஞாண் கயிற்றில் ஒரு துண்டை முடிச்சுப் போட்டுக் கூடையில் நிரந்தரமாக வைத்தாள். கூடையில் கை விடும்போதெல்லாம் அது விரலில் படும். உடனே, “மாதேசு எங்க?” என்று தேடுவாள்.

அதுவும் கொஞ்ச நாளில் கெட்டது. செய்து முடித்த வேலையின் பொருளை எடுத்தெறிய மறந்தாள். சினைக்குச் சேர்த்த பசுவையே திரும்பவும் ஓட்டிக்கொண்டு போனாள். கூடை நிறைந்து குப்பையானது. எது முடிந்தது, எது நிற்கிறது, எது யாருடையது என்று தெரியாமல் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் முறத்தில் கொட்டினாள். அன்று திங்கட்கிழமை. மறுநாள் நல்லம்பள்ளிச் சந்தை.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். முடிந்ததென்று தெரிந்ததைக் குப்பையில் போட்டாள். சந்தையில் ஆகவேண்டியதை மடியில் கட்டிக்கொண்டாள். அடையாளமே தெரியாததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். “இது உங்க வூட்டு வேலைங்களா? நான் செஞ்சிட்டனா?” சிலர் சிரித்தார்கள். ஒருத்தி வேண்டுமென்றே இல்லாத கடனைச் சொல்லி வேலை வாங்கிக்கொண்டாள். குள்ளம்மாளுக்கு அதுவும் மறந்துபோயிற்று.

அதன் பின் ஒரு திங்கட்கிழமையைக்கூட அவள் விடவில்லை. கூழ் குடித்ததும் முறத்தோடு முற்றத்தில் உட்கார்ந்துவிடுவாள். மனதில் எதுவும் தங்காத அவளுக்கு அந்தக் கிழமை மட்டும் உடம்பில் ஊறிப்போனது. இன்றைக்குத் திங்கள் என்று யாராவது சொன்னால் போதும், கை தானாகக் கூடைக்குப் போகும். யுத்தம் தொடங்கி மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஊரே அலைந்த நாட்களில், தன் வீட்டுக்கு வேண்டியது எது என்று சந்தைக்குப் போகுமுன் தெளிவாகத் தெரிந்திருந்தது அவளுக்குத்தான். மாதப்பன் வேறு பெண் பார்க்கும் பேச்சை விட்டுவிட்டான். ஆனாலும் திங்கட்கிழமை அவள் முறத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான்.

1942 ஐப்பசி மழைக்குப் பின் ஊரில் வாந்திபேதி வந்தது. மாதேஸ்வரனுக்கு ஒரு சாயங்காலம் கண்டது. விடியுமுன் மாதப்பன் தர்மபுரிக்கு மருந்து வாங்க நடந்தான். மருந்தோடு அவன் திரும்பி வந்தபோது உச்சிவெயில். பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். கடைசிவரை மடியில் வைத்திருந்தவள் குள்ளம்மாள்தான். ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

அன்று மாலை அவள் அடுப்பை மூட்டினாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“மாதேசு எங்க, இருட்டிப் போச்சு?”

நஞ்சம்மாள் சொன்னாள். அப்போது குள்ளம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது அப்போதுதான் நடந்த சாவு. சொல்லாமல் மறைத்தால் ஏரிக்கரை, கொல்லை, முள்காடு என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஒரு நாள் கால் கிழிந்து ரத்தத்தோடு கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள்.

கூடையில் இருக்கும் கயிற்றுத்துண்டுதான் அவளைக் கிளப்பிவிடுகிறது என்று மாதப்பன் நினைத்தான். யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக் கூரையில் செருகிவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை அவள் முறத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தாள். பிரித்து முடித்தும் எழவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். மறுபடி கொட்டினாள், மறுபடி பிரித்தாள்.

“ஒண்ணு கொறையுது அண்ணி.”

“எது?”

“தெரியல. கைக்கு ஒண்ணு கொறையுது.”

வெயில் சாயும்வரை அப்படியே துழாவிக்கொண்டிருந்தாள். நஞ்சம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தம்பியிடம் சண்டை போட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்து, குள்ளம்மாளின் கையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குள்ளம்மாள் அழுது ஓய்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“இதயும் நான் மறந்துருவனா?”

“மறந்துருவ.”

“நாளைக்கே கேப்பனா?”

“தெனமும் கேக்கற.”

கயிற்றைக் கூடைக்குள் திரும்ப வைத்தாள்.

“அப்பிடின்னா இத எடுக்காதீங்க. கூடையிலயே இருக்கட்டும். மத்த நாள்ல நான் கேட்டா, திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சொல்லுங்க. அப்பிடிச் சொன்னா நான் அடங்கிருவன். திங்கக்கிழமை உக்காந்து கேப்பன். அப்பச் சொல்லுங்க.”

அவள் சொன்னபடியே நடந்தது. இருட்டும் நேரத்தில், “மாதேசு எங்க?” என்பாள். “திங்கக்கிழமை பாத்துக்கலாம்” என்பார்கள். அவள் அடுப்பு வேலைக்குத் திரும்பிவிடுவாள். எதற்காகத் திங்கட்கிழமை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கிழமையை நம்பலாம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை கயிறு கைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். நஞ்சம்மாள் சொல்லுவாள். அன்றைக்கு மட்டும் அவள் அழுவாள்.

அந்தப் பொங்கல் போனது, அடுத்த பொங்கலும் போனது. இந்தப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பச் சொன்ன நஞ்சம்மாளே வாரம் தவறாமல் அந்தச் சாவை வாயால் சொல்லவேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமையே அவளுக்குச் சோறு இறங்காமல் போனது. ஒரு நாள் தம்பியைக் கொல்லையில் போய்ப் பிடித்தாள்.

“இனி என்னால ஆவாதுடா. நாக்கு மரத்துப் போச்சு. நீ பெத்தவன்தான? நீ சொல்லு.”

“என்னால முடியாதுக்கா.”

“அப்ப அவளுக்கு மட்டும் முடியுதா?”

அடுத்த திங்கட்கிழமை மாதப்பன் துண்டைத் தோளில் போட்ட பிறகும் வெளியே போகவில்லை. முறத்துக்கு எதிரில் குந்தினான். ஓடு, நார், மிளகாய் என்று ஒவ்வொன்றாகக் குள்ளம்மாள் கேட்டாள், அவன் பதில் சொன்னான். கயிறு வந்தது.

“இவன் எங்கங்க?”

“செத்துப்போயிட்டான் குள்ளா. வாந்திபேதில.”

அவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். பிறகு, நஞ்சம்மாளிடம் ஒருநாளும் கேட்காத ஒன்றை அவனிடம் கேட்டாள்.

“நீங்க பக்கத்துல இருந்தீங்களா?”

இரண்டு வருடமாக அவனை யாரும் அதைக் கேட்கவில்லை. மருந்தோடு திரும்பும் வழியில் அதியமான்கோட்டை தாண்டும்போது கால் பின்னிக்கொண்டதையும், ஒரு புளியமரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்ததையும், அப்படி உட்காராமல் வந்திருந்தால் உயிரோடு பார்த்திருப்பேனோ என்று நினைத்து நினைத்துச் சாவதையும் அவன் சொன்னான். குள்ளம்மாள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவன் முதுகில் கையை வைத்தாள்.

“நடந்த களைப்புல உக்காந்திருப்பீங்க. அது தப்பில்லீங்க” என்றாள்.

அடுத்த வாரம் அவளுக்கு இது எதுவும் ஞாபகமில்லை. அவனும் மறுபடி சொன்னான். புளியமரத்தடி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் சொன்னான். அவளும் அநேகமாக அதே பதிலைச் சொன்னாள். சில வாரம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அந்த வாரங்களில் அவன் சாப்பிட மாட்டான்.

யுத்தம் முடிந்த வருடத்தில் ஒரு திங்கட்கிழமை, அவள் கயிற்றை எடுத்தாள், கையில் சற்று வைத்திருந்தாள், ஒன்றும் கேட்காமல் கூடைக்குள் திரும்பப் போட்டாள். சொல்வதற்குத் தயாராக இருந்த மாதப்பன், “ஏன், கேக்கலியா?” என்றான்.

“இல்லீங்களே அவன்” என்றாள். சொல்லிவிட்டு அடுத்த பொருளை எடுத்தாள். அவ்வளவு காலம் சொல்லிச் சொல்லி எங்கேயோ போய் அது படிந்திருந்தது. அதன் பின் அவள் மகனைத் தேடவில்லை. நஞ்சம்மாள் அதை நல்ல செய்தி என்று ஊரில் சொன்னாள். மாதப்பனுக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் மாலையில், அவளுக்கு அந்தச் சாவு தெரியாத கொஞ்ச நேரமாவது அந்த வீட்டில் பிள்ளை உயிரோடு இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

1947இல் சின்னக்கண்ணைச் சித்தேரி போகும் வழியில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் குள்ளம்மாளின் மனதில் நிற்கவில்லை. மாதங்கள் போயும் பொழுது சாய்ந்ததும் மகளைத் தேடினாள். திங்கட்கிழமை பாத்துக்கலாம் என்று சொல்ல நஞ்சம்மாள் வாயெடுத்தபோது மாதப்பன் தடுத்தான்.

“வேணாங்கா. இவ இருக்காளே. கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வரன்.”

மாட்டு வண்டியில் போனார்கள். சின்னக்கண்ணு வயிற்றுப் பிள்ளையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். தாயும் மகளும் நாள் முழுக்க ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. குள்ளம்மாள் மகளுக்குத் தலைவாரி, கேழ்வரகு அடை சுட்டு, பழைய கதைகள் நிறையப் பேசினாள். மறுநாள் வெயிலுக்கு முன்னால் வண்டி கிளம்பியது.

ஊரைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் வண்டிப்படலைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

“சின்னக்கண்ணப் பாத்து ரொம்ப நாளாச்சு இல்லீங்க?”

“இப்பத்தான் பாத்துட்டு வரம்.”

“அப்பிடியா? நல்லா இருக்காளா?”

“இருக்கா. வயித்துப் புள்ளையோட இருக்கா.”

அவள் முகம் மலர்ந்தது. மாதப்பன் மாட்டை அதட்டி ஓட்டினான். மேடு ஏறி முடிவதற்குள் அவள் மறுபடி கேட்டாள், அவன் மறுபடி சொன்னான்.