ஒடித்துப் பார்த்த காசு

ரோமானியக் காசு சேர்க்கிறவன் என்று விருத்தாசலத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆற்று மணலில் கிடைத்த செம்புக் காசை நேரில் கொண்டுவருவார்கள், அல்லது போனில் படம் அனுப்புவார்கள். தேய்ந்த தலை எந்தப் பேரரசனுடையது என்று சொல்வேன். அதனால் வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தத் திமிரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் தங்கை வீட்டுக்காரர். நல்லூர்ப் பக்கம் விவசாயம். நிலத்தில் எது மின்னினாலும் பொறுக்கி எனக்குக் கொண்டுவருவார். சோடா மூடி, வாஷர், ஒருமுறை பழைய சாவிக்கொத்தின் தகடு. "மாப்ள, இது ரோம்ல அடிச்சதில்ல, நம்ம மெக்கானிக் கடையில அடிச்சது" என்று விருந்தில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கவைப்பேன். ஒரு தடவையாவது நான் "நல்ல பொருள்தான்" என்று சொல்லிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தேன்.

போன தையில் தங்கையோடு நான் வேலை செய்யும் செராமிக் பொம்மை யூனிட்டுக்கே வந்துவிட்டார். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதன்மேல் வட்டமாக ஒரு சுட்ட மண் வில்லை. மூக்கு நீண்ட ஆண் தலை, சுற்றிலும் எழுத்துப் போலக் கோடுகள், மேலே நூல் கோக்க ஒரு துளை.

"மச்சான், கெணத்து மேட்டுல கெடைச்சுது. உங்க புக்குல இருக்குற ராஜா மாதிரியே இருக்குது பாருங்க."

"மண்ணுல எவன் மாப்ள காசு அடிப்பான்? எங்க பொம்மைக்குக் கழுத்துல மாட்டுறது இது."

சூளை பிரித்ததும் ஒரு பொம்மையை ஒடித்து, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வில்லையை ஒடித்தேன்.

ஒடிந்த இடத்தில் ஓரம் சிவப்பு, நடுவில் கரியாய்க் கருப்பு. எங்கள் சூளையில் உள்வரை ஒரே நிறமாக வெந்துவிடும். இது விறகு நெருப்பில் அரைகுறையாய் வெந்த பழைய மண். அந்தக் காலத்தில் இங்கிருந்தவர்கள் ரோமானியக் காசைப் பார்த்து மண்ணில் அச்செடுத்து அணிந்துகொண்டதைப் படித்திருக்கிறேன். படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். என் பெட்டியிலிருக்கும் அத்தனை காசும் அதற்கு ஈடில்லை. இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

"என்ன மச்சான்?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாத்தீங்களா, சரியா வேகக்கூட இல்ல. கழிச்சுப் போட்டது" என்றேன்.

"மானத்த வாங்காதீங்க. இனிமே ஒண்ணும் பொறுக்காதீங்க" என்று தங்கை அவரைக் கடிந்துகொண்டாள். அவர் குனிந்து, தரையில் சிதறிய துணுக்குகளைத் துண்டால் கூட்டி எடுத்தார். "வேலை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்" என்றார். இரண்டு பாதியையும் என் மேஜையிலேயே விட்டுப்போனார். ஒட்டி வைத்திருக்கிறேன். மூக்கின் குறுக்கே கோடு தெரிகிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"அதே மேட்டுல ஒரு சின்னப் பானை, மச்சான். உள்ள அந்த மாதிரி மண் வில்லைங்க நெறைய இருந்துச்சு. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு டிராக்டர மேல ஏத்தி நெரவிட்டேன்."

நான் சிரிப்பேன் என்று நினைத்து, அவரே முதலில் சிரித்தார்.