எழுபதாயிரத்துக்குள் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற தொழிலில் ஸ்க்ரூ முடுக்குவது அரை மணி நேர வேலை; மீதி நேரமெல்லாம் வாங்க வந்தவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கும் அறிவைக் கழற்றி வைக்கிற வேலை.

விருத்தாசலத்தில் ஜங்ஷன் ரோட்டில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் ஜவுளிக்கடையோ மருந்துக்கடையோ செருப்புக்கடையோ, எந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவராக இருந்தாலும் என் பாடு உங்களுக்குப் புரியும். ஆனாலும் செருப்பு வாங்க வருகிறவர் தோல் பதனிடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தருவதில்லை. கேமிங் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் மூன்று வீடியோ பார்த்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்துவார். கையில் இருப்பது ஐம்பதாயிரம், கேட்பது இரண்டு லட்சத்துச் சாமான். நடுவில் உள்ள பள்ளத்தை நான் மந்திரம் போட்டு நிரப்ப வேண்டும். இவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான். அதை நான் மறைத்ததும் இல்லை. போன கோடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி அனுப்புவதற்குள் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு துண்டுக் காகிதம்

சங்கீதா என்று ஒரு பெண் வந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும். செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் வேலை. சூளையிலிருந்து வெந்து வரும் சாமானைப் பார்த்து நல்லது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுகிற வேலை. கையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது. வாங்கிப் படித்தால், முதல் வரியிலேயே ‘எஸ்.எம்.பி.எஸ் நல்லதா’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். எஸ்.எம்.பி.எஸ் என்பது கரண்டை வாங்கி உள்ளே உள்ள மற்ற சாமான்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அது வெளியே தெரியாது, மின்னாது. அதனால் ஒருவரும் அதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள். எதில் வேண்டுமானாலும் கஞ்சம் பாருங்கள், அதில் மட்டும் பார்க்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓதுகிறவன் நான். ஓதாமலே ஒருத்தி எழுதி வந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேமிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பழகியிருக்கிறாள். சென்னையில் ஒரு பெண்கள் டீம் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறதாம். பெயர் கொடுத்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே ஆட வைத்துப் பார்த்து, ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்களாம். அதற்கு ஐந்து வாரம் இருந்தது. விளையாடுவதற்குச் சம்பளமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“கம்பெனியில நாளு முழுக்க நின்னா கிடைக்கிறத விட அது மூணு மடங்குண்ணே. எழுவதாயிரம் இருக்குது, சீட்டு எடுத்தது. அதுக்கு மேல ஒத்த ரூவா கிடையாது.”

மாமாவுக்கு வேண்டிய வெளிச்சம்

நம் ஊரில் யாரும் தனியாக வந்து கம்ப்யூட்டர் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. கம்மாபுரத்திலிருந்து அவளுடைய தாய்மாமன் வந்தார். சீட்டுக்கு ஜாமீன் நின்றவர் அவர். அதனால் அவர் பேசினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுதி வைத்திருந்த கேபினெட், அதாவது எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற கூடு, அவருக்குப் பிடிக்கவில்லை. கறுப்பாக இருக்கிறதாம். கண்ணாடிக் கதவும் ஆறு கலர் ஃபேனும் வைத்த ஒன்று ஷோகேஸில் கல்யாண மண்டப வாசல்போல எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி இதுதான் வேண்டும் என்றார். லைட்டுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். அவர் என் அறியாமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

அந்தக் கூட்டுக்கு நாலாயிரம் அதிகம். மொத்தமோ எழுபதைத் தாண்டக்கூடாது. கிராஃபிக்ஸ் கார்டைக் குறைத்தால் விளையாட்டு ஓடாது. பிராசஸரும் ராமும் ஏற்கெனவே இளைத்துத்தான் இருந்தன. மிச்சம் இருந்தது எஸ்.எம்.பி.எஸ். சென்னை மொத்த வியாபாரி ஒருவர் பேர் தெரியாத கம்பெனிப் பெட்டி ஒரு டஜனை மலிவாகத் தள்ளிவிட்டிருந்தார். இருபது வருஷம் ஓதியதை மூடி வைத்துவிட்டு அதில் ஒன்றை எழுதினேன். வந்த வியாபாரத்தை விட மனசில்லை, அவ்வளவுதான் காரணம். லைட்டு வேண்டாம் மாமா என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மாமா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“லைட்டு இல்லாம வாங்கிட்டுப் போனா, ஆஸ்பத்திரியில டோக்கன் போடற கம்ப்யூட்டரான்னு கேப்பாங்க தம்பி.”

ஈரச் சாக்கு

சாமான்கள் வந்து சேர்வதற்குள் ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு முதலாளி தன் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். திறந்தால் உள்ளே தண்ணீர். இந்த ஊர் பொம்மைக் கம்பெனிகளில் பிசைந்த மண் காயாமலும் சூடேறாமலும் இருக்க ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைப்பார்கள். கம்ப்யூட்டர் சித்திரை மாதத்தில் சூடாகிறது என்று அதற்கும் நனைத்த சாக்கைப் போர்த்தியிருக்கிறார். ஒரு நாள் இல்லை, நாலு நாள். அதுவும் தவறாமல் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் தண்ணீர் தெளித்து.

என் கடையில் சர்வீஸ் பார்க்கும் பாஸ்கர் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்குப் போய்விட்டான். செராமிக் அறிவு எதுவும் இனிமேல் என் கவுண்டரைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று நான் அன்றைக்கு முடிவு செய்தேன். முதலாளிக்கோ கொஞ்சமும் கூச்சமில்லை.

“மண்ணுக்கே சாக்குப் போட்டு வச்சாதான் ஒழுங்கா இருக்குது, இது என்ன மண்ண விட ஒசத்தியா?”

தட்டிப் பார்த்தாள்

மறுநாளே சங்கீதா வேலை முடிந்து வந்தாள். சாமான்களை எல்லாம் மேஜைமேல் பரப்பி வைத்திருந்தேன். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, எவ்வளவு கனம் பார், கனம் இருந்தால் தரம் இருக்கிறது என்று அர்த்தம் என்று எங்கள் தொழிலின் பாலபாடத்தை எடுத்துவிட்டேன். அவள் கனத்தைப் பார்க்கவில்லை. இடது கை விரல் நுனிகளில் அதைத் தூக்கிப் பிடித்து, வலது கை நடுவிரல் முட்டியால் நாலு பக்கமும் தட்டினாள். சூளைச் சாமானை அவர்கள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கணீரென்று கேட்கும், விரிசல் விட்டது டொப்பென்று கேட்கும். அலமாரியில் இருந்த நல்ல கம்பெனிப் பெட்டி ஒன்றையும் கேட்டு வாங்கித் தட்டினாள். மறுபடியும் முதல் பெட்டி. பிறகு முகத்தைச் சுளித்தாள்.

எனக்கு ஈரச் சாக்கு ஞாபகம் வந்தது. “இது பியூஸ் கட்டை இல்லம்மா, தட்டிப் பாத்து வாங்கறதுக்கு” என்றேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் எனக்கு இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்து, தர்பூசணி பக்கத்துக் கடையில் இருக்கிறது, அதைத் தட்டிப் பார் என்றும் சொல்லிவைத்தேன். அவள் பெட்டியை மேஜைமேல் வைத்தாள், அதுவும் சத்தமில்லாமல்.

“வேற மாத்திக் குடுங்கண்ணே. ஒரு பக்கம் ஒரு மாதிரி கேக்குது, உள்ள ஏதோ ஒட்டாம நிக்குது.”

நான் மாற்றவில்லை.

சூடம்

கம்ப்யூட்டரை அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்த அன்று மாமா நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். கண்ணாடிக் கதவில் சந்தனம், குங்குமம். ஃபேன் துவாரத்தில் ஊதுபத்தியைச் செருகியிருந்ததை நான்தான் பிடுங்கினேன். சூடம் காட்டிய பிறகுதான் ஸ்விட்சைப் போட விட்டார். ஆறு ஃபேனும் எரிந்தன. தெருவே வந்து பார்த்தது.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. விளையாடும்போது திடீரென்று அணைந்துவிட்டதாம். சூடத்துப் புகை உள்ளே போயிருக்கும் என்றேன். நாலு நாளில் மறுபடியும் போன். உங்கள் வீட்டு வயரிங்கைப் பாருங்கள் என்றேன். சக கடைக்காரர்களே, வாங்கிப்போன சாமான் மக்கர் செய்தால் முதலில் புகையைச் சொல்ல வேண்டும், அப்புறம் வயரிங்கைச் சொல்ல வேண்டும், கடைசியில் வாங்கியவர் உபயோகித்த விதத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்கு நான் மூன்றாவதற்குப் போவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

“அந்தப் பொட்டிதாண்ணே. ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்குமான்னு மட்டும் சொல்லுங்க.”

தாங்கும் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை

பதினொரு மணிக்கு ஆட்டம். பதினொன்று இருபதுக்கு போன் வந்தது. பேசியது அவள் இல்லை, மாமா. ஆட்டத்தின் நடுவில் அணைந்துவிட்டது, மறுபடி போட்டாலும் வரவில்லை, ஐந்து நிமிஷம் டயம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். கடையில் இருந்த நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு வண்டியை விரட்டினேன். ரயில்வே கேட்டு மூடியிருந்தது. போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. நான் குனிந்து ஸ்க்ரூவைக் கழற்றும்போதே சென்னையிலிருந்து வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாக மெசேஜ் வந்துவிட்டது. அடுத்த தேர்வு எப்போது என்று அவர்களுக்கே தெரியாதாம்.

அவள் காதில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெட்டியை மாற்றி ஸ்விட்சைப் போட்டேன். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. ஆறு ஃபேனும் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றின. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“லைட்டெல்லாம் நல்லாத்தான எரியுது தம்பி, அப்புறம் என்ன?”

உள்ளே இருந்தது

கழற்றிய பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து பாஸ்கர் கையில் கொடுத்தேன். அவன் மூடியைத் திறந்தான். உள்ளே பாதி காலி. இருக்க வேண்டிய சாமானெல்லாம் சிறுத்துப்போய் ஒரு மூலையில் கிடந்தது. அடித்தட்டில் கை அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், கனம் காட்டுவதற்காக. பசை ஒரு பக்கம் விட்டுப்போய் அந்தத் துண்டு தூக்கிக்கொண்டு நின்றது. அவள் கையில் கொடுத்து நான் தரம் என்று சொன்னது இந்த இரும்பைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தர்பூசணி என்று சொன்னது ஞாபகம் வந்தபோது உடம்பே கூசியது.

பாஸ்கர் திருப்புளியால் அந்தத் துண்டை நெம்பி எடுத்து என் கல்லாப் பெட்டிமேல் வைத்தான்.

“அந்தப் பொண்ணு அன்னைக்கே சொல்லிச்சு மொதலாளி, நீங்க ஜோக்கு சொல்லிக்கிட்டு இருந்தீங்க.”

பதினொரு பெட்டி

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராக வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். மொத்த வியாபாரி ஏமாற்றிவிட்டார், நானும் ஏமாந்தவன்தான் என்று பேசுவதற்கு ஒன்றைத் தயார் செய்தும் வைத்திருந்தேன். மாட்டிக்கொடுத்த நல்ல பெட்டிக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த டஜனில் மிச்சம் எத்தனை இருக்குது என்று கேட்டாள். பதினொன்று என்றேன். எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைக்கச் சொன்னாள்.

கடையில் அன்றும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நானே டேபிள் ஃபேனை நிறுத்தினேன். விரல் நுனியில் தூக்குவதும் முட்டியால் தட்டுவதுமாக ஒவ்வொன்றையும் பார்த்து, ஏழு பெட்டியை ஒரு பக்கமும் நாலு பெட்டியை ஒரு பக்கமும் வைத்தாள். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பாஸ்கர் அந்த நாலையும் அவள் கண்ணெதிரிலேயே திறந்தான். நாலிலும் இரும்புத் துண்டு, நாலிலும் பசை விட்டிருந்தது. மற்ற ஏழு பெட்டியையும் திறக்கட்டுமா என்று கேட்டான். அதில் இரும்பு இருக்குமா என்னவென்று தெரியாது, இருந்தாலும் கெட்டியாக ஒட்டியிருக்கும், ஆனால் அதையும் பிரித்துப் பாருங்கள் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரு ஆளை அந்தக் கவுண்டரில் இருபது வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன், கவுண்டருக்கு இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, போகும்போது திரும்பினாள்.

“இத வேற யாருக்கும் மாட்டிக் குடுத்துடாதீங்கண்ணே. அவங்களுக்கும் ஒரு ஞாயித்துக்கிழம இருக்கும்ல.”

இந்த ஊர்க்காரர்களுக்குச் சாமான் பார்த்து வாங்கத் தெரியாது என்று சொல்லியே வயிறு வளர்த்த நான், இப்போது புதுச் சரக்கு வந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒவ்வொரு பெட்டியாகக் காதருகே பிடித்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது.