உப்புக்குத் துணையாகப் போன சர்க்கரை

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் காலரா கண்டது. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் படுத்த உடனேயே என் சைக்கிள் யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டேன். நர்ஸம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டினார்.

"சாவப் போறவனுக்கு இன்னாத்துக்கு சர்பத்து?"

"குடி நைனா. இந்தச் சீக்குல உப்பு தனியாப் போனா குடலு சுவத்துல கீற செல்லு உள்ள வுடாது. சர்க்கரையும் கூடப் போனா கதவு தொறக்கும். பின்னாலயே தண்ணியும் பூந்துரும்."

அப்போது எனக்குத் துறைமுகத்தில் வேலை; பாஸ் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். சாவு பயத்திலும் கேட்டேன்: "அந்த கேட்டுக்கு பாஸ் யார் கைல கீது? உப்பா, சர்க்கரையா?"

"ரெண்டும் ஜோடியா வந்தாதான் பாஸே! ஒண்ணுக்கு வந்தா சொல்லு, பொழச்சுக்குனேன்னு அர்த்தம்."

குடித்துக்கொண்டே இருந்தேன். மாலையில் ஒண்ணுக்கு வந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தேன்.