ஓபராவில் அடித்த விசில்

இன்று லண்டன் தோர்ண்டன் ஹீத் பஸ்ஸில் சிவம் அண்ணையைக் கண்டேன். கடைசியாகப் பார்த்து முப்பது வருடமாகிவிட்டது.

தொண்ணூறுகளில் ஒரு நாள், வேலையிடத்தில் கிடைத்த இலவச டிக்கெட்டில் இருவரும் பழைய இத்தாலிய ஓபரா ஒன்றுக்குப் போனோம். ஊரில் தம்பியைப் பறிகொடுத்திருந்த அண்ணை அதுவரை அழவேயில்லை.

மேடையில் செத்தவீடு. நடுவில் கோமாளி வேலைக்காரன் ஒருவன் பாடிக்கொண்டு வந்தான், எங்கள் நாடகத்துப் பபூன் மாதிரியே.

அண்ணை ஊர்ப்பழக்கத்தில் விசிலடித்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த பாட்டில் தேம்பித் தேம்பி அழுதார்.

"அந்தப் பபூன் வராட்டி அண்டைக்கும் அழுதிருக்க மாட்டன்," என்றார் இன்று. "திரும்ப ஒருக்காப் போவமோ?"

ஓபராவில் விசிலடிக்க வசதியான சீட் எந்தப் பக்கம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.