நாரைக்குஞ்சின் இறகு

போன வருடம் ஆடித்தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விரால் மீன் குழம்பு. திருவிழா முடியும்வரை கவிச்சி சேர்க்காமல் இருந்துவிட்டு முதன்முதலாக வைத்த குழம்பு என்பதால், மாடியில் குடியிருந்த டாக்டரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நடுத்துண்டத்தை அவளுக்கென்று எடுத்து வைத்தேன். அவள் தட்டை லேசாக நகர்த்தி, "எனக்கு ரசம் போதும்க்கா, வயிறு சரியில்ல" என்றாள். வீணாக்குவானேன் என்று அந்தத் துண்டத்தைத் தம்பி மனைவியின் தட்டில் போட்டேன். தம்பி மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பறவைகளை ஆராய்ந்து பட்டம் வாங்கிய சென்னைக்காரி. சங்கரன்கோவிலில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன்; எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுக்கா பஞ்சம்? குடிவந்த ஒரே வாரத்தில் அடுப்படிக்குள் வந்து அவளே காப்பி போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். கூடப் பிறக்காத தங்கை என்றே நம்பினேன். அப்படி நம்பியதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்கு மேற்கே ஒரு குளம். எங்கள் வீட்டுக்கு மீன் வருவதும் அங்கிருந்துதான். அங்கே நாரைகள் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும். குளத்துக்குத் தண்ணீர் வரும் ஓடையோரம், பழைய ட்யூப் லைட்டுகளை உடைத்துப் பிரிக்கிற ஆலை ஒன்று இருக்கிறது. ட்யூப் லைட்டுக்குள் பாதரசம் உண்டு. அது தண்ணீரில் கலந்தால் மீனுக்குள் போகும். மீனைத் தின்கிற பறவையின் இறகில் வந்து தங்கும். இறகைச் சோதித்தால் குளத்தின் லட்சணம் தெரிந்துவிடும். இதற்குத்தான் டாக்டர் வந்திருந்தாள். பெரிய நாரைகளின் இறகை அவள் சீண்டவே இல்லை. "அதுங்க எங்கெங்கயோ தின்னுட்டு வரும்க்கா. குஞ்சுக்கு இந்தக் குளத்து மீனைத் தவிர வேற எதுவும் தெரியாது" என்பாள்.

குளத்தங்கரை ஊரில் குஞ்சுகள் பறக்கும்வரை குளத்து மரத்தில் யாரும் ஏறுவதில்லை. சாமி ஊர்வலமே வந்தாலும் கரைமேல் கொட்டுச் சத்தம் நின்றுவிடும். நாங்கள் ஏணியோடு போய் நின்றபோது குளத்துக் காவல்கார அண்ணாச்சி முறைத்தார். அவர் மகள் என்னிடம் படித்தவள். அந்த உரிமையில் நான் பேசினேன்.

"டீச்சர் சொல்லுதாகளேன்னு விடுதேன். ஆனா மீன திங்கலாமா கூடாதான்னு எங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்" என்றார்.

"உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறேன் அண்ணாச்சி?" என்று டாக்டர் சிரித்தாள். பங்குனி வெயிலில் ஏணியை நான் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி, குஞ்சுகளுக்கு வலிக்காமல் இறகுகளைக் கத்தரித்தாள்.

சோதனை முடிவு என்னாயிற்று என்று கேட்கும்போதெல்லாம், "லேப்ல இருந்து இன்னும் வரலக்கா" என்பாள். ஆவணியில் வேறு வேலை கிடைத்துவிட்டதென்று வீட்டைக் காலி செய்தாள். போகும்போது தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தாள்.

ஐப்பசியில், அந்த ஆலையைப் பெரிதாக்குவதற்காகக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் ஆலைக்காரர்கள் பக்கம், அவர்களுடைய ஆலோசகராக டாக்டர் உட்கார்ந்திருந்தாள். மைக்கைப் பிடித்து, "நாரை இறகுகள்ல பாதரசம் இருக்கறது உண்மைதான். ஆனா அதெல்லாம் வெகுதூரம் பறந்து வர்ற பறவைங்க. எங்க தின்னதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"நாம எடுத்தது பறக்காத குஞ்சோட இறகுல்லா!" என்று எழுந்து கத்தினேன். "டீச்சர், உங்க உணர்ச்சி புரியுது. உக்காருங்க" என்றாள். நேற்றுவரை அக்கா, மேடையில் டீச்சர்.

வெளியே அவள் காரை மறித்துக்கொண்டு நின்றேன். "ரிசல்ட் எப்ப வந்துச்சு?"

"தபசுக்கு முந்தியேக்கா. வெளிய சொல்லியிருந்தா இந்த வேலை எனக்குக் கிடைச்சிருக்காது" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கார் போய்விட்டது.

அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். "அது கெடக்கட்டும். மீன திங்கலாமா டீச்சர்?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"இம்புட்டு நாளும் தின்னுட்டமே" என்றார். என்னை ஒரு வார்த்தை வைதிருந்தால்கூட ஆறியிருக்கும்.

கார்த்திகையில் தம்பிக்கு மகன் பிறந்தான். பாதரச மீன் தின்ற விஷயத்தைச் சொல்லி, பிள்ளையின் மூளையையோ காதையோ பாதித்திருக்குமா என்று கேட்டதற்கு, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தினமும் அவன் காதருகே கைதட்டிப் பார்க்கிறேன். திரும்பிச் சிரிக்கிறான். மறுநாளும் தட்டிப் பார்க்கிறேன்.

இந்த வருடம் தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாம்பார்தான். மைக்கில் அவள் சொன்ன பொய்யையாவது பிழைப்புக்காகச் சொன்னாள் என்று ஒருநாள் விட்டுவிடுவேனோ என்னவோ. ஆனால் விரால் வைத்த அன்றைக்கு எங்கள் வீட்டில் மேடையும் இல்லை, ஆலைக்காரர்களும் இல்லை. தம்பி, அவன் மனைவி, நான், அவள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டோம். நான் அந்தத் துண்டத்தைத் தட்டு மாற்றிப் போட்டபோது, ரசத்தைப் பிசைந்துகொண்டே அவள் தம்பி மனைவியிடம் சொன்னது இதுதான்:

"முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடும்மா."