'போல' என்று எழுதாதவள்

ரெத்தினபாய் பேயைப் பார்த்தாள் என்று அருமனையிலிருந்து கருங்கல் சந்தை வரை பேசுகிறார்கள். தவறு. அவள் எதையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. ஒரு குழந்தை செய்ததை எழுதினாள், அவ்வளவுதான்.

அவள் மறைந்த செய்தியை மகன்தான் போனில் சொன்னான். "அம்மை போயிட்டா மாமி." சற்று நேரம் அழுதுவிட்டு, "கல்லறைக் கல்லில அந்த டிகிரிய போடணுமா? பேய்ப் பட்டம்னு ஆளுக சிரிக்காவ. ரெண்டு கிழவிகளும் சேந்து கட்டுன கதைன்னு சொல்லுகாவ" என்றான். நம் பள்ளித் தோழியருக்கு இதை எழுதுவது அதனால்தான்.

தபால் அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தொலைநிலைக் கல்வியில் வளர்ச்சி உளவியல் இளங்கலைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். கடைசி ஆண்டில் ஒரு கைக்குழந்தையைத் தொடர்ந்து கவனித்து எழுத வேண்டும். அருமனையில் ஷீபாவின் மகன் அபியைத் தேர்ந்தெடுத்தாள். ஷீபாவும், நமக்கு வெகு காலம் பின்னால், நம் பள்ளியில் படித்தவள்தான். இரண்டாம் சாட்சியாக என்னையும் அழைத்துப் போனாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், தனித்தனியே எழுதிவிட்டு ஒப்பிடுவோம். "பசித்தது போல அழுதான்" என்று நான் எழுதியதை அடித்துவிட்டாள். "அழுதான். அதோட நிறுத்துடீ. 'போல' உனக்க மண்டைக்குள்ள இருக்கு, பிள்ளைகிட்ட இல்ல." கான்வென்ட்டில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். கோபம் வந்தது. அடித்தது சரிதான்.

ஒரு பிற்பகல், பாயில் விளையாடிக்கொண்டிருந்த அபி கையிலிருந்த டப்பாவைப் போட்டான். ஆளில்லாத மூலையை நோக்கி இரு கைகளையும் தூக்கினான். அவன் கண்கள் தரையிலிருந்து மெல்ல மேலேறி, ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் நின்றன. சிரித்தான்.

"ஆரப் பாத்துலே கைய நீட்டுத?" என்றாள் ஷீபா. ரெத்தினபாய் தாளிலும் என் தாளிலும் அவன் செய்தது ஒரே வரியாக இருந்தது.

அந்த வரியை எடுக்காவிட்டால் தேர்ச்சி கடினம் என்றார் படிப்பு மையத்து ஆசிரியர். "பிள்ளை செஞ்சத நான் எப்படி சாரே எடுக்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வாய்மொழித் தேர்வில், மூலையில் என்ன இருந்தது என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்ல."

அப்படியானால் குழந்தை யாரைப் பார்த்தது?

"தெரியாது. தெரியாதத எழுத அதுல எடம் இல்ல."

தேர்ச்சி பெற்றாள். அந்தப் பட்டம் அவளுடையது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அருமனைக்குப் போனேன். பெஞ்சில் என் ஓரத்தில் உட்கார்ந்தேன். அபி இப்போது நடக்கிறான். என்னைத் தாண்டிப் போய், பக்கத்தில் ரெத்தினபாய் உட்காரும் காலி இடத்துக்கு முன்னால் நின்றான். பிறகு அவன் செய்ததை இங்கே எழுத மாட்டேன். ஷீபா இதை வாசிப்பாள். பாலில்லாத கட்டன்சாயாவுடன் வந்த அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் இரண்டு சாட்சியும் ஒன்றாகிவிடும்.

'போல' இல்லாமல் எழுதுவது ஒன்றைத்தான் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். அன்று கண்டதை அப்படியே எழுதி அவள் மகனிடம் கொடுத்துவிட்டேன். ஷீபா தனியாக எழுதுவதும் அதோடு ஒத்துவந்தால் பட்டத்தைக் கல்லில் பொறிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

ஷீபா, அன்று பெஞ்சின் முன்னால் அபி செய்ததை ரெத்தினபாயின் மகனுக்கு எழுதி அனுப்பு. என்னிடம் எதுவும் கேட்காதே. போனில் சொல்ல வேண்டாம், எழுத்தில் வேண்டும்.